ஐந்து சகோதரிகளும் ஜன்னல் கம்பிகளும்

சினிமாவைப் பற்றி எழுத நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, யார்டில் வந்து நிற்கும் சரக்கு வண்டிகளின் எண்களைக் குறித்துக்கொண்டே காலத்தைக் கழித்து வருகிறோம். ஆயினும் அந்த உத்தியோகத்தில் ஒரு லாபம் உண்டு. நகரும் வண்டியின் எண்களைப் பிடித்துப் பழகிய கண்ணுக்குத் திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்துக்கள் அவ்வளவு சிரமம் தருவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் துருக்கி மொழிப் படம் ஒன்றைப் பார்க்கத் துணிந்தோம். ஒரு முறை பார்த்து நிறுத்த முடியவில்லை. மூன்று முறை பார்த்தோம்.

படத்தின் பெயர் 'முஸ்டாங்'. வெளிவந்த ஆண்டு 2015. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கடிவாளம் அறியாமல் கூட்டமாகத் திரியும் குதிரைகளுக்கு அந்தப் பெயர். குதிரைக் கதையோ என்று எண்ணிவிட வேண்டாம். நீண்ட கூந்தலைப் பிடரிமயிர்போலப் பறக்கவிட்டு ஓடும் ஐந்து சகோதரிகளின் கதை இது. சோனாய், செல்மா, எஜே, நூர், லாலே என்று மூத்தவளிலிருந்து இளையவள் வரை பெயர்கள். கடைக்குட்டி லாலேதான் நமக்குக் கதை சொல்லுகிறாள். தாய் தந்தையர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பாட்டியின் வளர்ப்பு. இடம், துருக்கியின் வடக்கே கருங்கடற்கரையில் ஒரு சிற்றூர். இனெபொலு என்ற ஊரில் படம் பிடித்திருக்கிறார்கள். மலைச்சரிவும் கடலும் வளைந்த சாலையும் கண்ணுக்குக் குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சியே பின்னர் நம்மை வாட்டுகிறது. அவ்வளவு அழகான வெளியை அந்தப் பெண்கள் ஜன்னல் வழியாக மட்டுமே பார்க்க வேண்டி வருகிறதே என்பதனால்.

கதை தொடங்கும் நாள், பள்ளிக்கூடம் மூடும் நாள். இஸ்தான்புல்லுக்கு மாறிப் போகும் ஆசிரியை டிலெக்கைக் கட்டிக்கொண்டு லாலே அழுகிறாள். ஆசிரியை தம் விலாசத்தைக் கொடுக்கிறார். வெயில் நன்றாக இருக்கிறது. ஆகவே ஐவரும் வண்டியில் ஏறாமல் நடந்தே வீடு திரும்பத் தீர்மானிக்கிறார்கள். வழியில் கடல். பள்ளி உடுப்போடு தண்ணீரில் இறங்குகிறார்கள். உடன் படித்த பையன்களின் தோள்மீது ஏறி அமர்ந்து, எதிரே இருப்பவளைத் தள்ளி வீழ்த்தும் விளையாட்டு. நனைந்த துணியோடு சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள்.

அவர்களுக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அண்டை வீட்டு அம்மாள் ஒருத்தி பார்த்திருக்கிறாள்; பார்த்ததற்குத் தன் மனத்தில் உள்ள பொருளையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். பாட்டி ஒவ்வொருத்தியாக அறைக்குள் இழுத்துக் கதவைத் தாளிட்டு அடிக்கிறாள். வெளியே மற்ற நால்வர் கதவைத் தட்டுகிறார்கள். பையன்களின் தோளில் அமர்ந்ததுதானே குற்றம்? நாங்கள் உட்காருகிற நாற்காலிகளும் அதே குற்றத்தைச் செய்தவையே என்று சொல்லி, வீட்டு நாற்காலிகளை முற்றத்தில் போட்டு உடைத்துக் கொளுத்துகிறார்கள்! லாலே நேராக அந்த அண்டை வீட்டு அம்மாளிடமே சென்று சண்டை பிடிக்கிறாள். அவள் உடுத்திய உடுப்பின் நிறத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்த இடத்தில் நாம் வாய்விட்டுச் சிரித்தோம்.

இந்தக் காட்சிக்கு ஒரு பின்கதை உண்டு. படத்தை டைரக்ட் செய்தவர் டெனிஸ் கம்ஸே எர்குவென் என்னும் பெண்மணி. அங்காராவில் 1978-இல் பிறந்தவர். பிரான்ஸிலும் துருக்கியிலுமாக வளர்ந்து, பாரிஸ் நகரத்துச் சினிமாக் கல்லூரியில் பயின்றவர். இதுவே அவருடைய முதல் முழுநீளப் படம். தோள்மீது ஏறி விளையாடி அதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் அனுபவம் அவருக்கே இளம் பருவத்தில் நேர்ந்ததாம். ஆனால் அவர் நாற்காலியை உடைக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவுமில்லை. வெட்கத்தால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். இதை அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். தாம் அன்று செய்ய முடியாமற்போனதைப் படத்திலே அந்தச் சிறுமிகளைக் கொண்டு செய்வித்திருக்கிறார்.

பேட்டியில் இதைப் படித்தபோது நம் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று. காரணத்தைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறோம்.

பிறகு வீடு சிறையாகிறது. அதை ஒரே நாளில் செய்துவிடுவதில்லை. பாட்டியின் மகன் எரோல் குடும்பத்தின் மானத்தைக் காக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்கிறான். முதலில் டெலிபோனும் கம்ப்யூட்டரும் பூட்டி வைக்கப்படுகின்றன. பள்ளிப் படிப்பு நின்றுபோகிறது. பிறகு, உருவமே தெரியாத மண் நிறத்து அங்கிகள் தைக்கப்படுகின்றன. ஊர்ப் பெண்டிர் முறைவைத்து வந்து சமையலும் தையலும் கற்பிக்கிறார்கள். மனைவிமாரைத் தயாரிக்கும் தொழிற்சாலையாக வீடு மாறிவிட்டது என்ற பொருள்பட லாலே சொல்லுவது எவ்வளவு பொருத்தம்! சுவர் உயர்கிறது; ஜன்னலுக்குக் கம்பி வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது.

இத்தனைக்கும் நடுவே அந்தச் சகோதரிகள் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து, காலும் கையும் எவருடையவை என்று தெரியாதபடி பின்னிப் படுத்திருக்கும் காட்சிகள் பல வருகின்றன. ஐந்து தலைகள் கொண்ட ஒரே உடலாக அவர்களைக் கற்பனை செய்ததாக டைரக்டர் கூறியிருக்கிறார். ஐவரில் எஜேயாக வரும் எலித் இஷ்ஜான் ஒருத்தியே முன்பு நடித்துப் பழகியவள். மற்ற நால்வரும் புதியவர்கள். நம்பவே முடியவில்லை. கூடப்பிறந்தவர்கள் என்றுதான் முதன்முறை பார்த்தபோது நினைத்தோம். சகோதரிகள் என்று பெயரே தவிர, அவர்களிடையே இருப்பது தோழமை. மூத்தவள் அதிகாரம் செய்வதில்லை. இளையவள் பணிந்து நடப்பதில்லை.

நம் தமிழ்ப் படங்களிலே கதாநாயகிக்குத் தோழி ஒருத்தி கட்டாயம் இருப்பாள். கேலி செய்வாள், கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பாள். இடைவேளைக்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று எவரும் கேட்பதில்லை. பெண்ணுக்குப் பெண் கொள்ளும் நட்பைக் கதையின் முதுகெலும்பாக வைத்து எத்தனை படம் எடுத்திருக்கிறோம்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கால்பந்தாட்டப் பகுதியைப் பற்றிச் சொல்லாவிட்டால் படத்தைப் பற்றிச் சொன்னதாகாது. ரசிகர்கள் கலாட்டா செய்த காரணத்தால் ஆட்டத்துக்கு ஆண்கள் வரக்கூடாது, பெண்கள் மட்டுமே வரலாம் என்று ஓர் உத்தரவு பிறக்கிறது. லாலேக்குக் கால்பந்து என்றால் உயிர். ஐவரும் வீட்டை விட்டு நழுவி, போய்விட்ட பஸ்ஸைச் சாலையில் வந்த லாரி ஒன்றில் துரத்திப் பிடித்து, ஆட்டம் பார்க்கப் போய்விடுகிறார்கள். லாரிக்கார வாலிபன் யாசின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலே ஆண்கள் டெலிவிஷன் முன் அமரப் போகிறார்கள். உறவுக்கார அம்மாள் ஒருத்தி எதேச்சையாகத் திரையைப் பார்க்கிறாள். கூட்டத்தின் நடுவே நம் பெண்கள்! அவள் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டு மின்சாரத்தைத் துண்டித்தாள். அதுவும் போதாதென்று தெருவுக்கு ஓடிக் கல்லெறிந்து ஊர் மின்சாரத்தையே நிறுத்திவிட்டாள்! அடிக்கிற கையும் அதுவே, காப்பாற்றுகிற கையும் அதுவே.

இது வெறுங் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். 2011-ஆம் ஆண்டு ஃபெனர்பாச்சே சங்கத்தின் ரசிகர்கள் ஓர் ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் புகுந்துவிட்டார்கள். தண்டனையாக, வெறும் மைதானத்தில் ஆடும்படி விதித்தார்கள். பிறகு அதைத் திருத்தி, பெண்களும் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இலவசமாக வரலாம் என்றார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி இஸ்தான்புல்லில் நடந்த ஆட்டத்துக்கு 41,000-க்கும் அதிகமான பெண்களும் குழந்தைகளும் திரண்டார்கள். ஆட்டக்காரர்கள் அவர்களுக்குப் பூக்களை வீசினார்கள். உலகப் பத்திரிகைகளெல்லாம் இதைப் பிரசுரித்தன.

படத்தில் அதற்குப் பிறகு சிரிப்புக்கு இடமில்லை. மகிழ்ச்சியான ஒரு நாளுக்கு அவர்கள் கொடுக்கும் விலை, கலியாணம். பெண் பார்க்க வருகிறார்கள். சோனாய் தான் விரும்பியவனைத் தவிர வேறெவரையும் ஏற்கமாட்டேன் என்று அடம்பிடித்து வென்றுவிடுகிறாள். அவளுக்காக வந்த வரனைச் செல்மாவின் தலையில் கட்டுகிறார்கள். ஒரே பந்தலில் இரண்டு மணப்பெண்கள். ஒருத்தி ஆடுகிறாள், மற்றவள் விருந்தினர் மிச்சம் வைத்த கோப்பைகளைக் குடித்து மயங்குகிறாள். அன்றிரவு செல்மாவுக்கு நேரும் அவமானத்தைக் குடும்பப் பத்திரிகையில் விவரிக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் மருத்துவர் முன் அவள் சலிப்போடு பேசும் பேச்சைக் கேட்டால் கல்லும் கரையும். ஐவர் மூவராகிறார்கள். மூன்றாமவள் எஜேக்கு வீட்டுக்குள்ளேயே ஆபத்து. மானத்தைக் காக்க வந்தவனே இரவில் அதைக் குலைக்கிறான். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவள் சகோதரிகளைச் சிரிக்கவைக்கிறாள், எழுந்து போகச் சொல்லுகிறான், எழுந்து போகிறாள், துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. டைரக்டர் இதைக் காட்டாமல் காட்டியிருக்கிறார். நாம் எதிர்பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

கம்பியும் சுவரும் எவருக்கு எதிராக எழுப்பப்பட்டன, ஆபத்து எங்கே இருந்தது!

பாட்டியின் பாத்திரத்தைப் பற்றிப் பிரத்தியேகமாகச் சொல்ல வேண்டும். நிஹால் கோல்தாஷ் என்ற நடிகை. அவள் கொடியவள் அல்லள். பேத்திகளை அவள் நேசிக்கிறாள். அடித்த கையாலேயே அணைக்கிறாள். மகன் செய்வதை அறிந்தபோது அவள் கண்டுபிடிக்கும் பரிகாரம், அடுத்தவளையும் சீக்கிரம் கலியாணம் செய்து வீட்டைவிட்டு அனுப்பிவிடுவது. அவள் அறிந்த பாதுகாப்பு அது ஒன்றே. எரோலை நாம் எளிதாக வெறுத்துவிடலாம். அவனுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவிவிடலாம். அவனை ஒரே கறுப்பாகத் தீட்டியது படத்தின் குறை என்றே நமக்குத் தோன்றுகிறது. பாட்டியை அப்படித் தள்ள முடியவில்லை. அவளை நாம் அறிவோம். அவள் பேச்சை நம் வீட்டிலே கேட்டிருக்கிறோம்.

இனி, முன்பு சொல்லாமல் நிறுத்திய செய்திக்கு வருகிறோம்.

நமக்கு ஒரு தங்கை உண்டு. அவளுக்கு அப்போது வயது 16, நமக்கு 19. ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவளுக்கு நான்கு சிநேகிதிகள். ஒருத்தி மராத்திக்காரி, இருவர் தெலுங்கர், ஒருத்தி வங்காளி. எப்போதும் ஐவருமாகவே சுற்றுவார்கள்; மூன்று சைக்கிளில் ஐந்து பேர். அவ்வாண்டு ஹோலிப் பண்டிகையன்று முகமெல்லாம் சாயமும் தலையெல்லாம் பொடியுமாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். அவள் படியேறுமுன்பே பக்கத்து வீட்டு மாமி வந்து, ஆண்பிள்ளைகள் கையால் சாயம் பூசிக்கொண்டு உங்கள் பெண் தெருவில் நின்றாள் என்று அம்மாவிடம் ஓதிவிட்டுப் போயிருந்தார். தந்தையார் கேட்டது ஒரே கேள்வி: "நிஜமா?" அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நாற்காலியை உடைக்கவில்லை.

அடி ஒன்றும் விழவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. டைப்ரைட்டிங் வகுப்பு நின்றது. சைக்கிள் நம்முடையதாயிற்று. தெருவைப் பார்த்த வராந்தாவுக்கு இரும்பு வலை அடிக்கவேண்டும் என்று தந்தையார் சொன்னார். இந்தப் பக்கத்தில் அதற்கு 'ஜாலி' என்று பெயர், பெயரைப் பாருங்கள்! ஆள் வைத்தால் கூலி ஆகும் என்று, கடையில் வாங்கி வந்து ஆணி அடித்தவர் வேறு யாருமல்லர், நாமேதான். அடிக்கும்போது அதைத் தவறு என்று எண்ணவில்லை. வேற்றூரில் பிழைக்க வந்தவர்கள், உறவு சனம் அருகில் இல்லாதவர்கள், நாளைக்கு ஊரிலிருந்து யாராவது விசாரித்தால் என்ன பதில் சொல்லுவது என்று நினைத்தோம். உண்மையில் சொந்த ஊரில் இருந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்கமாட்டோம் என்று இன்று தோன்றுகிறது. நம் ஊரை விட்டு வந்த நாள் முதல் அந்த ஊரின் ஒழுங்கை அங்கிருப்பவர்களைவிட இறுகப் பிடித்துக்கொள்ளுகிறோம். அங்கே பெண்கள் ஸ்கூட்டரில் பறக்கிறார்கள். இங்கே நாம் முப்பது வருஷத்துக்கு முன் விட்டு வந்த ஊரைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த நான்கு பெண்களும் சில நாள் வலைக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போனார்கள். பிறகு வாரத்துக்கு ஒரு முறை வந்தார்கள். பிறகு வரவில்லை.

தங்கைக்கு நல்ல இடத்தில் கலியாணம் ஆயிற்று. மாப்பிள்ளை தங்கமானவர். வேறோர் ஊரில் சௌக்கியமாக இருக்கிறாள். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அவளோடு டெலிபோனில் பேசினோம். வலையைப் பற்றிச் சொல்லி வருந்தினோம். "வலை கிடக்கட்டும் அண்ணா. கொசுவாவது வராமல் இருந்தது," என்று சிரித்தாள். சற்று நேரம் கழித்து, "அவர்களில் ஒருத்தி விலாசம்கூட என்னிடம் இல்லை," என்றாள். நம்மிடமும் இல்லை. மராத்திப் பெண்ணின் தந்தை லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர் என்பது நினைவிருந்தது, விசாரித்தோம். ஓய்வு பெற்று எங்கோ போய்விட்டாராம்.

படத்திலும் அதுதான் விஷயம் என்று நமக்குப் படுகிறது. கம்பி, பூட்டு, அங்கி ஆகியவற்றைச் சகோதரிகள் விளையாட்டாகவே சமாளித்துவிடுகிறார்கள்; கம்பிக்குள்ளும் சிரிக்கிறார்கள். அவர்களை முறியடிப்பது, ஒருத்தி ஒருத்தியாகப் பிரித்து எடுத்துச் செல்வதுதான்.

கடைசிப் பகுதியில் நூருக்குக் கலியாணம் நிச்சயமாகிறது. மிஞ்சியிருப்பவர்கள் அவளும் லாலேயும். சின்னப் பெண் லாலே முன்னதாகவே யோசித்து வைத்திருக்கிறாள். லாரிக்கார யாசினிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கலியாண நாளன்று, கூட்டமெல்லாம் வெளியே நிற்கையில், அக்காவையும் உள்ளே வைத்துக்கொண்டு வீட்டைத் தாழிட்டுவிடுகிறாள்! இப்போது எரோல் வெளியே நின்று கம்பியைப் பிடித்து உலுக்குகிறான். அவன் போட்ட கம்பி. எவ்வளவு உறுதியாகப் போட்டிருக்கிறான்! பெண்களை உள்ளே வைக்க அமைத்த கோட்டை, அவனை வெளியே நிறுத்துகிறது. திரையரங்கமாக இருந்திருந்தால் கைதட்டியிருப்போம். பிறகு இருட்டு, கார், யாசின், இஸ்தான்புல்லுக்குப் போகும் பஸ், அதிகாலையில் ஆசிரியை டிலெக்கின் கதவு. அந்தக் கதவு திறக்கிறது.

கான் நகரத்து விழாவில் 'டைரக்டர்களின் பதினைந்து நாள்' என்ற பிரிவில் இப்படம் முதன்முதல் காட்டப்பட்டது. அவ்வாண்டு ஐரோப்பியப் பார்லிமென்டின் லக்ஸ் பரிசு கிடைத்தது. பிரான்ஸ் தேசத்தின் சார்பாக ஆஸ்கார் பரிசுக்கு அனுப்பப்பட்டுக் கடைசி ஐந்தில் இடம்பெற்றது. பரிசு ஹங்கேரிப் படத்துக்குப் போயிற்று. அந்நாட்டின் சேஸர் பரிசுகள் நான்கு 2016-இல் இதற்குக் கிடைத்தன; சங்கீதத்துக்காக வாரன் எல்லிஸ் பெற்றதும் அவற்றில் ஒன்று. பிடில் ஓசை கடலோசைபோல வந்து வந்து போகிறது. துருக்கியிலோ எல்லாரும் புகழ்ந்துவிடவில்லை. நாட்டுப்புறப் பெண்கள் பட்டணத்துப் பெண்களைப்போலப் பேசுகிறார்கள், மேல்நாட்டார் பார்த்து உச்சுக்கொட்ட எடுத்த படம் என்று சில விமர்சகர்கள் குறை கூறினார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். துருக்கிப் பெண்கள் எல்லாருக்கும் இதே கதி என்று எண்ணிக்கொண்டு எழுந்திருப்பவர் படத்தைத் தவறாகப் பார்த்தவராவார். 41,000 பேர் ஆட்டம் பார்க்க வந்த தேசமும் அதுவே அல்லவா?

நமது சங்கத்தில் இப்படத்தைத் திரையிடலாமா என்று காரியக் கமிட்டியில் கேட்டோம். பெரியவர் ஒருவர், வயதுப் பெண்கள் கெட்டுப்போவார்களே என்றார். கெட்டுப்போக இதில் ஒன்றுமில்லை. ஆனால் சில காட்சிகள் சிறு குழந்தைகளுக்கு ஏற்றவையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். 15, 16 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் தாயாரோடு அமர்ந்து பார்க்கலாம். மாதர் பகுதியிலிருந்து ஒரு யோசனை வந்தது: பெண்களுக்கு மட்டும் தனிக் காட்சியாக வைத்துவிடலாமே என்று. மரியாதையோடு மறுக்கிறோம். கதை பெண்களுக்குத் தெரிந்ததுதான். தந்தைமாரும் அண்ணன்மாரும் வரவேண்டும். ஓட்டம் 97 நிமிஷம். ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிக்குள் காப்பி குடித்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் பெரியோர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து தமிழில் சொல்ல இரண்டு பேர் தேவை. ஒருவராக நாம் இருக்கிறோம். இன்னொருவராக வர விரும்பும் அன்பர் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கவும்.